அசிசியில் இரவு ஏழரை மணி: இத்தாலிய மலையூரில் நம்மூர்க்காரர்கள் சாப்பிடும் முறை

2022 மே 15 அன்று வத்திக்கானில் பேதுரு சதுக்கத்தில் நின்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கூட்டத்தில் நானும் என் கணவரும் மைனியும் (மதினி) இருந்தோம். நட்டாலத்தில் பிறந்து, ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட நாள் அது. அந்த நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. எங்கள் குழு உரோமையிலிருந்து அசிசிக்குப் போனது. மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு ஓட்டலில் தங்கினோம். மூன்று நாளும் மதியமும் இரவும் சோறு, பருப்பு, கோழிக்குழம்பு. ஏற்பாடு செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வயதானவர்கள் அதிகம், யாருக்கும் வயிறு கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் அறுபது பேர் அத்தனை தூரம் போய், அந்த மண்ணில் விளைந்த ஒரு வாய் உணவைக்கூடச் சுவைக்காமல் விமானம் ஏறியது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

நாங்கள் மூவர் மட்டும் ஒன்பது நாள் தங்கிவிட்டோம். என் அக்காள் மகள் அங்கே ஒரு மடத்தில் இருக்கிறாள். மைனி அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவள் பிள்ளை. மேலே ஊருக்குள், மடத்து விருந்தினர் இல்லத்தில் அறை எடுத்துக் கொடுத்தாள். காலை உணவு அங்கேயே கிடைக்கும். மற்ற இரண்டு வேளைக்கும் வெளியேதான் போக வேண்டும். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அசிசிக்குப் போகிறவர்களுக்கு மட்டுமில்லை, ஒர்வியெத்தோ, குப்பியோ, மொந்தெபுல்சியானோ என்று எந்த மலையூருக்குப் போனாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நேரம்தான் முதல் பாடம்

மே மாதத்தில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலரை மணி. அங்கே மாலை ஐந்து மணி ஆகும்போது உங்கள் வயிற்றுக்கு இரவு எட்டரை. பசி எடுத்துவிடும். உணவகங்களோ பூட்டிக் கிடக்கும். மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து, இரண்டரை மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மறுபடி திறப்பது இரவு ஏழு, ஏழரைக்குத்தான். இடைப்பட்ட நேரத்தில் கதவைத் தட்டினால் "கியூசோ" என்பார்கள். மூடியிருக்கிறது என்று பொருள். கோபத்தில் சொல்வதில்லை, சமைப்பவரும் பரிமாறுபவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் எங்களுக்கு இது தெரியாது. பெரிய கோவிலில் ஜொத்தோ என்ற பழைய ஓவியரின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வெளியே வந்தோம். ஒரு தெரு முழுக்க நடந்தோம். திறந்திருந்த ஒரே கடையில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ரொட்டியைத் தின்றோம். மைனிக்குச் சர்க்கரை நோய் உண்டு. முகம் வெளுத்துவிட்டது. ஆகவே நீரிழிவுக்காரர்களோடு போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். மாலை ஐந்து மணிப் பசிக்கு ஏதாவது ஒரு பாரில் நுழையுங்கள். பார் என்றவுடன் பயப்பட வேண்டாம். அங்கே அது நம் டீக்கடைதான். காலையில் காபியும் பன்னும், மாலையில் பழச்சாறும் சின்ன ரொட்டித் துண்டுகளும் விற்கிற இடம். கன்னியரும் குருக்களும் அங்கேதான் நின்று காபி குடிக்கிறார்கள்.

நின்று என்று சொன்னதைக் கவனியுங்கள். மேடையோரம் நின்றே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கத்தைப் பார்த்த நாற்காலி என்றால் இரண்டு மடங்குகூட ஆகலாம். வெறும் "கஃபே" என்று கேட்டால் இரண்டு மடக்கு கரும் காபிதான் வரும். பால் வேண்டுமென்றால் கப்புச்சீனோ. சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கப்புச்சீனோ குடிப்பதில்லை. பால் செரிக்காது என்பது அவர்கள் எண்ணம். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். டீ கேட்டால் வெந்நீரும் ஒரு பையும் வரும், நம் டீ வராது. அந்த ஆசையை ஊரில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

மாலை ஐந்து, ஆறு மணிக்குமேல் பகல் பயணிகளின் பஸ்கள் மலையிறங்கிவிடும். அதன் பிறகு அந்த ஊரைப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கல் வீடுகள் இளஞ்சிவப்பாக மாறும். ஊர்க்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் சாப்பிடத்தான் நான் சொல்கிறேன். பகலில் கூட்டத்துக்காகச் சமைக்கிற அதே கை, இரவில் பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சமைக்கிறது. வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

எந்த வாசலில் நுழைவது

ரிஸ்தோரான்தே என்றால் கொஞ்சம் பெரிய இடம். த்ராத்தோரியா என்றால் குடும்பம் நடத்துகிற எளிய இடம். ஓஸ்தெரீயா முன்னாளில் ஒயின் விற்ற சத்திரம். இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இன்று பலகையை மட்டும் நம்ப முடியாது. பேரில் ஓஸ்தெரீயா, விலையில் ரிஸ்தோரான்தே என்று இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்ட அடையாளங்கள் வேறு. உணவின் வண்ணப் படங்களைப் பெரிய பலகையில் வாசலில் நிறுத்தியிருந்தால் தாண்டிப் போனேன். ஒருவர் வெளியே நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டாலும் தாண்டிப் போனேன். ஒரே தாளில் பத்துப் பதினைந்து பண்டம், இத்தாலிய மொழியில், சில சமயம் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தால் நின்று வாசித்தேன். வாசலில் விலைப்பட்டியல் இல்லாத இடத்துக்குள் போகவே வேண்டாம்.

அக்காள் மகள் இன்னொரு வழியும் சொன்னாள். "சித்தி, நல்ல உணவகம் எது என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் சமைக்காத நாளில் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள்" என்றாள். மருந்துக்கடைப் பெண்ணிடம் அவளே கேட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் யோசிக்கக்கூட இல்லை. கடைக்கு வெளியே வந்து, படிக்கட்டுச் சந்து ஒன்றைக் கையால் காட்டினாள். நாங்கள் ஒன்பது நாளில் நான்கு இரவு சாப்பிட்ட இடம் அதுதான். ஏழே மேசை.

ஏழே மேசை என்பதால்தான் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். போன் எல்லாம் வேண்டாம். பகலில் அந்த வழியாகப் போகும்போது தலையை நீட்டி, மூன்று விரலைக் காட்டி, "ஸ்தசேரா, அல்லே ஓத்தோ" என்று சொன்னால் போதும். இன்று இரவு, எட்டு மணிக்கு. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அது கடைக்குக் கடை மாறும், கதவில் எழுதியிருக்கும்.

மலையூர் என்பதால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அசிசி சுபாசியோ மலையின் சரிவில் படிப்படியாகக் கட்டிய ஊர். தெரு என்று நாம் நினைப்பது பாதிக்குமேல் படிக்கட்டு. இரவு வெளியூர்க் கார்கள் உள்ளே வர முடியாத தெருக்கள் அதிகம். சாப்பிடும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்று அமைந்துவிட்டால் முழங்கால் வலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். அறைக்கு மேல்பக்கம் இருக்கிற உணவகத்தைத் தேர்ந்தெடுங்கள். பசியோடு ஏறிவிடலாம்; வயிறு நிறைந்த பிறகு இறங்கி வந்தால் போதும். வழவழப்பான கல், மழை பெய்தால் நம் வீட்டுச் செருப்பு வழுக்கும்.

உட்கார்ந்த பிறகு

உள்ளே நுழைந்ததும் முதலில் "புவொனசேரா" என்று சொல்லுங்கள். மாலை வணக்கம். இதைச் சொல்லாமல் நேராகப் போய் ஒரு மேசையில் உட்கார்வது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கேட்காமல் ஏறுவது மாதிரி. அவர்கள் இடம் காட்டும்வரை நிற்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு இரவும் பார்த்தேன். புடவை கட்டிய இரண்டு பெண்கள் வாசலில் நின்று அதைச் சொன்னதும் ஏழு மேசைக் கடைக்கார அம்மாளின் முகம் மலர்ந்தது.

அடுத்தது தண்ணீர். பாட்டில்தான் தருவார்கள், விலை உண்டு. "நத்துராலே" என்றால் சாதாரணத் தண்ணீர், "ஃப்ரிட்சாந்தே" என்றால் சோடா போலக் குமிழ் விடுவது. எதுவும் சொல்லாவிட்டால் இரண்டாவது வந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஒயின் குடிக்கிறவர்கள் கடையின் சொந்த ஒயினைக் கால் லிட்டர், அரை லிட்டர் என்று கேட்கலாம். குப்பி வாங்க வேண்டியதில்லை. என் கணவர் கால் லிட்டர் வாங்குவார், பாதியை வைத்துவிடுவார்.

இப்போது பட்டியல். இதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் பருப்பு, சாம்பார், பிரதமன், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருக்கிறது. மோரை முதலில் ஊற்று என்று யாரும் கேட்பதில்லை. அங்கேயும் அப்படி ஒரு வரிசை. அந்திபாஸ்தோ தொடக்கத்துக்கு. ப்ரீமோ என்பது முதல் உணவு: பாஸ்தா, சூப், அரிசி வகைகள். செகோந்தோ இரண்டாவது: இறைச்சி அல்லது மீன். கோன்தோர்னோ என்பது காய்கறி, கீரை, உருளைக்கிழங்கு. தோல்ச்சே இனிப்பு. ஆனால் நம் பந்திக்கும் அதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நமக்குச் சோறு நடுவில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிறது. அவர்களுக்கு நடு என்று ஒன்று கிடையாது. பாஸ்தா அவர்களின் சோறு இல்லை. இறைச்சி அவர்களின் குழம்பும் இல்லை. பாஸ்தாவை வாங்கி, இறைச்சியையும் கூடவே கொண்டுவரச் சொல்லி, ஒன்றோடு ஒன்று பிசைந்து சாப்பிட நினைத்தால் இரண்டின் ருசியும் போய்விடும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இறைச்சி கேட்டால் இறைச்சி மட்டும்தான் தட்டில் வரும். பக்கத்தில் கீரை வேண்டுமானால் கோன்தோர்னோவில் தனியாகக் கேட்க வேண்டும்.

வரிசை இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ஊர்க்காரர்களே வாங்குவதில்லை. ஒரு ப்ரீமோ, ஒரு கீரை என்று முடிக்கலாம். நாங்கள் மூவரும் இரண்டு ப்ரீமோ, ஒரு செகோந்தோ, இரண்டு கோன்தோர்னோ வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். "தா திவீதெரே", அதாவது பகிர்ந்துகொள்ள, என்று சொன்னால் காலித் தட்டுகளும் தருவார்கள். ஆளுக்கு ஒன்றாவது வாங்குவது மரியாதை. மூன்று பேர் போய் ஒரே தட்டு பாஸ்தாவை வாங்கி ஒரு மேசையை இரவு முழுவதும் பிடித்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் பிழைப்பில் கை வைப்பது. நம் ஊறுகாய்ப் பாட்டிலை மேசையில் எடுத்து வைப்பதும் வேண்டாம். காரம் வேண்டுமென்றால் "ஓலியோ பிக்காந்தே" என்று கேளுங்கள், மிளகாய் ஊறிய எண்ணெய் வரும். அறையில் உங்கள் ஊறுகாயைத் திறந்துகொள்ளலாம்.

என்ன சாப்பிடுவது

கடற்கரைக்காரர்கள் முதலில் மீனைத் தேடுவார்கள். மைனிக்கு முட்டம் பிறந்த ஊர். சாளையும் அயலையும் இல்லாத ஒரு வாரத்தை அவர் அதுவரை கண்டதில்லை. ஆனால் அசிசி இருக்கும் ஊம்ப்ரியாவுக்குக் கடலே கிடையாது. நான்கு பக்கமும் நிலம்தான். அங்கே போய்க் கணவாயும் இறாலும் கேட்டால் உறைபெட்டியிலிருந்துதான் வரும். பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்தது என்பதற்கு அடையாளம். ஆற்று மீனான த்ரோத்தா கிடைத்தால் சாப்பிடலாம். மற்றபடி மலையில் மலை கொடுப்பதைக் கேளுங்கள்.

அது கொடுப்பது பயறு, கீரை, கோதுமை, பன்றி, காளான், ஆலிவ் எண்ணெய். கஸ்தெல்லூச்சோ என்ற உயர்ந்த சமவெளியில் விளைகிற மைசூர்ப் பருப்பு இனம் ஒன்று இருக்கிறது. தோல் நீக்காதது, மிகச் சிறியது. அதை ஊற வைக்காமலே வேகவைத்து, பூண்டும் செலரியும் சேர்த்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெயை ஒரு சுற்று ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் கரண்டியில் எனக்கு என் அம்மை வைக்கும் சிறுபயற்றுக் கஞ்சி ஞாபகம் வந்தது. தேங்காய் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. நம்மவர்கள் வயிறு எந்தச் சங்கடமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் உணவு இது. முதல் இரவு இதிலிருந்து தொடங்குங்கள்.

பாஸ்தாவில் ஸ்த்ரங்கோட்சி கேளுங்கள். முட்டை சேர்க்காமல் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, ஷூ கயிறு போல நீளமாக வெட்டுவது. அதன்மேல் கறுப்பு தர்தூஃபோவைச் சீவிப் போடுவார்கள். மரவேருக்கு அடியில் வளர்கிற, நாய்களை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுக்கிற காளான் அது. முதல் மழை விழுந்த மண்ணின் வாசம். பாஸ்தா பல்லில் லேசாகத் தட்டும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதுதான் அவர்களின் பக்குவம். அரிசியில் செய்த ரிசோத்தோவும் அப்படியே.

இனி ரொட்டி. நம் மாவட்டத்துப் புத்தளத்தின் உப்பளங்களின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மேசைக்கு வந்த ரொட்டியை வாயில் வைத்ததும் சமையல்காரர் உப்புப் போட மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். மறக்கவில்லை. ஊம்ப்ரியாவின் ரொட்டியே உப்பில்லாதது. பெருஜியா நகரத்தார் 1540-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் போட்ட உப்பு வரியை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றார்கள். அதிலிருந்து உப்பில்லாமல் ரொட்டி சுடத் தொடங்கினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதை இருக்கட்டும். அந்த ரொட்டியைத் தனியாகத் தின்னக் கூடாது. அங்கே பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ப்ரொஷூத்தோ உப்புக் கரிக்கும். அதன் ஒரு மெல்லிய துண்டை உப்பில்லாத ரொட்டியில் வைத்துக் கடித்தால், கருவாட்டுக்கும் பழஞ்சோற்றுக்கும் உள்ள உறவு அப்படியே அங்கே இருக்கிறது.

அந்த ரொட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாஸ்தா முடிந்தபின் தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்கர்ப்பெத்தா. சின்னச் செருப்பு என்று பொருள். மீன்குழம்புச் சட்டியை மரச்சீனிக் கிழங்கால் வழித்துத் தின்று வளர்ந்த நாம் இதில் கூச்சப்படவே வேண்டாம். விறைப்பான பெரிய உணவகத்தில் செய்ய மாட்டார்கள். த்ராத்தோரியாவில் தாராளமாகச் செய்யலாம். மைனி செய்ததைப் பார்த்து அந்த அம்மாள் கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

கடைசியாக, தோர்த்தா அல் தெஸ்தோ. இதற்கு உணவகம்கூட வேண்டாம், மதியத்துக்கு ஒரு சின்னக் கடை போதும். மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, கொஞ்சம் சோடா உப்பு. ஒரு பெண் அதை உருட்டி, வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்து, அடுப்பின் மேலிருந்த கனத்த வட்டக்கல்லில் போட்டார். அந்தக் கல்லுக்குப் பெயர்தான் தெஸ்தோ. முன்னே கல்லிலோ சுட்ட மண்ணிலோ செய்தார்கள், இப்போது இரும்பு. கல் சூடேறிவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவினார். மாவு நிறம் மாறியதும் ரொட்டியைப் போட்டார். ஒரு பக்கம் பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பினார். எங்கள் வீட்டு ஒரட்டிதான் என்று மைனி என் கையைப் பிடித்து அழுத்தினார். தேங்காய்ப் பூ மட்டும்தான் இல்லை. வெந்ததை ஆப்பு ஆப்பாக வெட்டி, நடுவில் பிளந்து, பூண்டு போட்டு வதக்கிய கீரையை உள்ளே வைத்துத் தந்தார். 5 யூரோ. வெள்ளிக்கிழமை இறைச்சி ஒறுத்தலுக்கும் ஏற்றது. அசிசியில் நான் சாப்பிட்டதில் மறுபடி வேண்டும் என்று நினைப்பது இதைத்தான்.

விலக்கு உள்ளவர்கள் கவனத்துக்கு

சைவக்காரர்கள் "சென்ட்சா கார்னே" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி இல்லாமல் என்பது அதன் பொருள். துண்டு இறைச்சி இருக்காது, ஆனால் சூப் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். நெத்திலி மீனைக் கரைத்திருக்கலாம். ஆகவே "நியெந்தே கார்னே, நியெந்தே ப்ரோதோ, நியெந்தே பேஷே" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, இறைச்சிச்சாறு, மீன் மூன்றும் வேண்டாம். "நோர்ச்சீனா" என்று பெயர் முடிகிற பாஸ்தாவில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால். கண்டிப்பானவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும்.

எங்களோடு உரோமை வரை வந்த தக்கலைக்காரர் ஒருவர் இஸ்லாமியர். நண்பருக்குத் துணையாக வந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு: பன்றி "மயாலே", பன்றிக் கொழுப்பு "ஸ்த்ரூத்தோ". இந்தக் கொழுப்பைச் சில ரொட்டிகளிலும் சேர்க்கிறார்கள். சாஸில் ஒயின் ஊற்றுவதும் சாதாரணம். மாட்டிறைச்சி "மான்ட்சோ", கன்று "வித்தெல்லோ". இந்தச் சொற்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், கொட்டைகள், பால், முட்டை, மீன் உள்ளிட்ட 14 பொருள்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்பதை உணவகம் சொல்லியாக வேண்டும். பட்டியலில் பண்டத்துக்குப் பக்கத்தில் எண்கள் இருந்தால் அவை இதற்காகத்தான்.

கணக்கு

பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். சாப்பிட்டவரை எழுப்பி அனுப்புவது அங்கே அவமரியாதை. அரை மணி நேரம் காத்திருந்து, நம்மை மறந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறோம். "இல் கோந்த்தோ, பெர் ஃபவோரே" என்று நாம்தான் கேட்க வேண்டும். பில்லில் "கோப்பெர்த்தோ" என்று தலைக்கு இரண்டு யூரோ, மூன்று யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்குமான கட்டணம். ஏமாற்று இல்லை, பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. சில்லறை மிஞ்சினால் வைத்துவிட்டு வரலாம்.

ஏமாந்த கதை ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக. பெரிய கோவிலுக்குப் போகும் வழியில் இரண்டாம் நாள் ஒரு உணவகம். பட்டியலில் எலும்போடு சுட்ட மாட்டிறைச்சி 5.50 யூரோ என்றிருந்தது. மலிவாக இருக்கிறதே என்று கணவர் கேட்டுவிட்டார். பலகையில் வந்தது ஒரு முழுத் துண்டு. பில்லில் 60.50 யூரோ. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "எத்தோ" என்று இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. எத்தோ என்றால் 100 கிராம். வந்தது 1 கிலோ 100 கிராம். அன்றைய விலையில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். எடை சொல்லிக் கேட்டிருக்க வேண்டியது பரிமாறியவரின் கடமை என்று இன்னும் எனக்கு ஆதங்கம் உண்டு. சுட்ட இறைச்சியும் மீனும் பல இடங்களில் எடைக்குத்தான். எத்தோவா கிலோவா தட்டா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சமைக்கும் முன் எடையைக் காட்டச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் தாமாகவே கொண்டுவந்து காட்டுவார். ஏழு மேசைக் கடையில் மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்ட இரவுகளில் 50 யூரோவைத் தாண்டியதில்லை. இன்று விலை கூடியிருக்கும், யூரோவும் ஏறிவிட்டது. அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பில்லை வாங்கிப் பையில் வையுங்கள்.

இனிப்புக்கு உணவகத்தில் காத்திருக்க வேண்டாம், ரொட்டிக்கடைக்குப் போங்கள். அசிசியார், அதாவது அந்த ஊர்ப் புனிதரான பிரான்சிஸ், சாகக் கிடந்தபோது, உரோமையில் தமக்கு விருந்தளித்த யாக்கொபா அம்மையாரின் கையால் முன்பு சாப்பிட்ட பாதாம் பலகாரத்தைக் கேட்டார் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர் இறந்தது 1226 அக்டோபர் 3. எல்லாவற்றையும் துறந்த மனிதர், கடைசியில் ஒரு பலகாரத்தைக் கேட்டிருக்கிறார். மொஸ்தச்சோலி என்ற பெயரில் இன்றும் சுட்டு விற்கிறார்கள். பல நாள் கெடாது, கைப்பையில் கொண்டுவரலாம். நாங்கள் போகும்போது அக்காள் மகளின் மடத்துக்கு ஒரு டின் முந்திரிக்கொத்து கொண்டுபோயிருந்தோம். புறப்படும் காலையில் அந்த டின்னை அவள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கனமாக இருந்தது. "வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மை சொல்லுவாளே, சித்தி" என்றாள்.